ஊர்ப் பஞ்சாயத்து 'அவமதிப்புத் தெண்டம்' கேட்டால் என்ன செய்வது?

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வண்டிப்பாதைத் தகராறு வந்தால் முதலில் ஊர்தான் கூடும். பேசித் தீர்ந்தால் நல்லதுதான். ஆனால் தீர்ப்பு ஒத்துவராமல் நீங்கள் எழுந்து வந்துவிட்டால், "பஞ்சாயத்தை அவமதிச்சுட்ட, இருபதாயிரம் தெண்டம் கட்டு, இல்லன்னா ஊரே உன்னைத் தள்ளிவைக்கும்" என்று ஆள் வரும். கறவை மாட்டை விற்றுக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. கட்டாதீர்கள். அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம் ஊர்ப் பெரியவர்களுக்கும் இல்லை, ஓட்டு வாங்கி வந்த ஊராட்சித் தலைவருக்கும் இல்லை. கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

யார் வந்தார்கள், என்றைக்கு, எவ்வளவு கேட்டார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலை அழிக்காதீர்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் திரும்பக் கூடாது. "ஊரோட அனுசரிச்சுப் போப்பா" என்று அனுப்பிவிட்டால் அதே புகாரை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள்.

சரி, நிஜமான கோர்ட்டை அவமதித்தால்? 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமையும் கிராம நியாயாலயத்தில் உட்காருபவர் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் தகுதியுள்ள நீதிபதி. விசாரணையின்போது அவர் முன்னாலேயே அவமதித்தால், மற்ற கீழ்க்கோர்ட்டுகள் மாதிரி 1,000 ரூபாய் வரை அங்கேயே அபராதம் போடலாம். 1971-ஆம் ஆண்டு அவமதிப்புச் சட்டப்படி 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கொடுப்பது உயர் நீதிமன்றத்தின் வேலை, அதற்கும் அவமதிப்பு நடந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

முன்சீப் கோர்ட்டு தடையுத்தரவு போட்ட பிறகும் எதிராளி ஜே.சி.பி. விட்டுப் பாதையை வெட்டினால் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை, அதே கோர்ட்டில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39 விதி 2ஏ-யில் மனுப் போட உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். சொத்தை ஜப்தி செய்யலாம், 3 மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். மண் ஈரம் காயும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள், அட்வகேட் கமிஷனரை (கோர்ட்டு சார்பில் இடத்தைப் பார்த்து அறிக்கை தரும் வக்கீல்) அனுப்பவும் கேளுங்கள்.

அப்புறம், ஊரில் பேசிய முடிவு இருவருக்கும் சம்மதம் என்றால் வெள்ளைத்தாளில் கையெழுத்தோடு விட்டுவிடாமல் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிந்துகொள்ளுங்கள். அது கோர்ட்டு டிக்ரிக்குச் சமம், பின்னால் மீறினால் நேரே நிறைவேற்று மனுப் போடலாம்.