வெளிநாடு போகும் முன் கடைசல் பட்டறையை விற்று முடிப்பது எப்படி? காரைக்குடிப் பக்கத்து மரவேலைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

விசாவும் டிக்கெட்டும் கைக்கு வந்த பிறகு பட்டறையைக் கலைக்க உட்கார்ந்தால், பாதிச் சாமான் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். கைக்குப் பழகிய நல்ல உளிக்கும் அங்கே கிலோ கணக்குதான். அதே உளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வேலை தொடங்கும் ஒரு இளம் ஆசாரி கைக்குப் போனால், உங்களுக்கும் நியாயமான விலை கிடைக்கும், கருவியும் வேலையில் இருக்கும். அதற்குக் குறைந்தது மூன்று மாத அவகாசம் தேவை. கடைசல் மெஷின் (மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் உருட்டி வடிவம் எடுக்கும் மெஷின்), கை உளிகள், கொஞ்சம் மர இருப்பு உள்ள சிறிய பட்டறையை மனத்தில் வைத்து இந்த முறையைச் சொல்கிறோம்.

படி 1: சிட்டை எழுதுங்கள்

முதல் வேலை கணக்கெடுப்பு. ஒரு நீள நோட்டில் பொருளின் பெயர், அளவு, வாங்கிய ஆண்டு, ரசீது உண்டா, இப்போதைய நிலை, இதோடு சேர்ந்த துணைப்பொருள் என்று ஆறு பத்தி போடுங்கள். கடைசிப் பத்திதான் முக்கியம். டிரில் மெஷினை விற்ற பிறகு அதில் பிட்டை இறுக்கும் சக் சாவி வேறொரு டப்பாவில் கிடைப்பதும், சாணையை விற்ற பிறகு அதன் தாங்குபலகை மூலையில் கிடைப்பதும் பட்டறைக்குப் பட்டறை நடப்பது. துணைப்பொருள் இல்லாத மெஷினை வாங்குகிறவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார். தனித்து நிற்கும் துணைப்பொருளை வாங்க ஆளே வராது.

எழுதும்போதே ஒவ்வொரு பொருளிலும் எண் எழுதிய ஒட்டுக்காகிதத்தை ஒட்டிவிடுங்கள். பின்னால் போட்டோ எடுக்கும்போது அந்த எண்ணும் படத்தில் விழட்டும். "அந்த நீல மெஷின் இருக்குல்ல அண்ணே" என்று போனில் கேட்கிறவரிடம் எண்ணை வைத்துப் பேசினால் குழப்பம் இருக்காது.

ஒத்துக்கொண்ட வேலைகளையும் இதே சிட்டையின் பின்பக்கத்தில் எழுதுங்கள். கட்டில் கால், மாடிப்படிக் குமிழ், மரச்செப்பு என்று எது பாக்கி இருந்தாலும், அதற்கு வேண்டிய கருவியை வேலை முடியும்வரை விற்பனைக்கு வைக்கக் கூடாது.

படி 2: மூன்று குவியல்

கொண்டுபோவது, விற்பது, கொடுத்துவிடுவது. கொடுப்பதில் முதல் உரிமை பட்டறையில் உங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு. அவர்களுக்கு வேண்டியதை முதலிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விற்றது போக மிஞ்சியதைத் தலையில் கட்டுவது மரியாதை ஆகாது.

கொண்டுபோகும் குவியலில் செட்டிநாட்டில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்குள்ள பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுவரை கட்டியவை. இடித்த வீட்டிலிருந்து வந்த நிலைப்பலகை, தூணின் தலையில் வைக்கும் போதிகை, பூவேலைத் துண்டு, பழைய பெட்டி என்று மாதிரிக்காகப் பட்டறையில் வைத்திருப்பது பலர் வழக்கம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட இத்தகைய கைவினைப் பொருளைத் தனியார் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. அத்தகைய பொருளை வியாபாரமாக விற்கவும் உரிமம் வேண்டும். வயது சந்தேகமாக இருந்தால், அது தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகே பொதி கட்டுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் கிடைக்கும் பழைய சாமானுக்கும் இதுவே விதி. கடை ரசீது இருப்பதால் ஏற்றுமதி அனுமதி வந்துவிடாது.

அடுத்தது ஈட்டி, அதாவது தோதகத்தி. 2017 ஜனவரி முதல் இந்த மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், அதாவது அனுமதியோடு மட்டும் நாடு கடக்கும் வகையில், இருக்கிறது. வேலை முடிந்த பொருளாக, ஓர் அனுப்புதலில் 10 கிலோ மரம்வரை அதில் விலக்கு உண்டு. கடையாத கட்டைக்கு அந்த விலக்குப் பொருந்தாது. ஈட்டிக் கட்டைகளை இங்கேயே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். தந்தம் பதித்த பழைய பொருள் எதுவும் இருந்தால் அதை விற்கவும் முடியாது, கொண்டுபோகவும் முடியாது.

படி 3: துடைப்பது, அளவோடு

துருவை மண்ணெண்ணெய் தொட்ட நார்ப்பட்டையால் தேய்த்து, பிடிவாதமான இடத்தில் 400 எண் எமரி தாள் போட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய மெஷின் ஆயிலைத் தடவினால் போதும். புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். விரிசலை மறைக்கத்தான் அடித்திருக்கிறார்கள் என்று வாங்குகிறவர் சந்தேகப்படுவார்.

உளியைச் சாணை பிடித்து வைப்பது நல்லதுதான், ஆனால் அவசரமாகச் செய்யக் கூடாது. கார்பன் எஃகு உளியைச் சுழலும் சாணையில் அழுத்திப் பிடித்தால் நுனி நீலம் பாயும். அந்த நிறம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் கூர் நிற்காது. நீலம் போகும்வரை தேய்த்தால் உளியின் நீளம் குறையும். அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுப் பிடியுங்கள். சூட்டைத் தாங்கும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) கடைசல் உளிக்கு இந்தப் பயம் குறைவு.

சுத்தம் செய்யும்போது ஒரு பெரிய ஆபத்து காத்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் பட்ட துணிகளைச் சாக்கில் திணித்து மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். குவியலில் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில், மரத்தூள் நிறைந்த அறையில் இது விளையாட்டுக் காரியமில்லை. துணிகளை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட்டு, தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள். கலந்து நாளான அரக்குப் பாலிஷ் சரியாகக் காயாது, அதை விற்காதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள்.

படி 4: கடைசல் மெஷினைச் சோதித்து எழுதுங்கள்

பட்டறையில் அதிக விலை போவதும், அதிகம் பேரம் நடப்பதும் இதற்குத்தான். வருகிறவர் கண்டுபிடிப்பதற்கு முன் குறைகளை நீங்களே தெரிந்து எழுதி வைத்துவிட்டால் பேரம் சீக்கிரம் முடியும்.

பெல்ட்டைக் கழற்றுங்கள். கட்டையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போன்ற உணர்வு கைக்கு வந்தால் பேரிங் போயிருக்கிறது. ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பேரிங்கின் ஓரத்தில் 6205 என்பது போல ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் கடையில் கிடைத்துவிடும். சத்தம் போடும் மெஷினுக்கு விழும் விலையோடு ஒப்பிட்டால் புது பேரிங்கின் செலவு சிறியது, எனவே மாற்றிவிட்டே விற்கலாம்.

பெல்ட் கழன்ற நிலையிலேயே மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். சத்தம் அப்போதும் வந்தால் குறை மோட்டாரில். வராவிட்டால் ஸ்பிண்டில் பக்கம். சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் கெபாசிட்டர்தான் போயிருக்கும். பழையதன் மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவிலும் வோல்ட் அளவிலும் புதியது வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுங்கள். த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் விளம்பரத்திலேயே சொல்லுங்கள். வீட்டு இணைப்பில் ஓட்ட நினைத்து வருகிறவர் வண்டி வாடகை கொடுத்து வந்து திரும்பிப் போக வேண்டாம்.

பிறகு முனை பார்க்க வேண்டும். ஹெட்ஸ்டாக்கிலும் (ஸ்பிண்டில் உள்ள தலைப்பக்கம்) டெயில்ஸ்டாக்கிலும் (கட்டையின் மறுமுனையைத் தாங்கும், நகரும் பக்கம்) கூர்முனைகளைச் செருகி, டெயில்ஸ்டாக்கை மெல்லத் தள்ளுங்கள். இரண்டு கூரும் நேருக்கு நேர் தொட வேண்டும். விலகினால் பதற வேண்டாம். முனை செருகும் துளைக்குள் மரத்தூளும் பிசினும் படிந்திருக்கும், துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் விலகினால் தரை சமமில்லாமல் மெஷினின் படுக்கை முறுக்கிக்கொண்டிருக்கலாம். கால்களுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

ஸ்பிண்டிலில் மாட்டி, தாடைகளால் கட்டையைப் பிடிக்கும் சக் என்ற பாகத்தைத் தனியாக விற்பதானால் அதன் மரையை எழுதுங்கள்: எம்33×3.5 (33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. மரை இடைவெளி), அல்லது 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை என்பது போல. மரை பொருந்தாத சக் வாங்கியவருக்குப் பயன்படாது. நாலு தாடை சக்கைக் கழற்றித் துடைத்தால் தாடைகளில் 1 முதல் 4 வரை எண் இருக்கும், சக் உடம்பின் பள்ளங்களிலும் அதே எண்கள் இருக்கும். 1ஆம் தாடையை 1ஆம் பள்ளத்தில், தாடைகளை நகர்த்தும், சக்குக்குள் இருக்கும் சுருள் மரையின் நுனி அங்கே வரும்போது செருக வேண்டும். பிறகு 2, 3, 4. வரிசை மாறினால் தாடைகள் நடுவில் ஒன்றுகூடாது, பிடித்த கட்டை கோணி ஓடும். நல்ல சக்கைக் கெட்டுப்போனதாக நினைத்து எடைக்குப் போடுவது இப்படித்தான்.

படி 5: மரத்தை அளப்பது

இங்கே மர வியாபாரம் கன அடியில். அறுத்த பலகைக்கு: கனம் அங்குலம் × அகலம் அங்குலம் × நீளம் அடி ÷ 144. 2 அங்குலக் கனம், 6 அங்குல அகலம், 8 அடி நீளம் என்றால் 96 ÷ 144 = 0.67 கன அடி. அப்படி ஆறு பலகை சேர்ந்தால் 4 கன அடி.

உருட்டுக்கட்டைக்கு நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளம் அடியால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 48, நீளம் 10 அடி என்றால் 12 × 12 × 10 ÷ 144 = 10 கன அடி. உண்மையான கன அளவில் இது ஏறத்தாழ 78.5 சதவீதம்தான். அறுப்பில் போகும் சேதாரத்துக்கான கழிவு இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வியாபாரி ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதே சமயம், இந்தக் கணக்குக்கு மேல் மறுபடியும் சேதாரம் கழிக்கிறவரிடம் கேள்வி கேளுங்கள்.

பழைய வீட்டுத் தேக்கில் ஒடிந்த ஆணி உள்ளே இருக்கும். சிறிய காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் ஓட்டினால் ஆணி உள்ள இடத்தில் இழுக்கும்; சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வாங்குகிறவரின் ரம்பப் பல் தப்பும். உளு (மரத்தைத் துளைக்கும் பூச்சி) பார்க்க, மரத்துக்கு அடியில் கறுப்புத் துணி விரித்து நாலு நாள் விடுங்கள். புதுத் தூள் விழுந்திருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, அந்தக் கட்டையை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். தேக்கு, ஈட்டிக் கட்டைகளை வண்டியில் ஏற்றும் முன் அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கிய ரசீதின் நகல் வண்டியோடு போகட்டும்.

படி 6: விலை

முதலில் அடிவிலை. பொருளின் எடையை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே எதையும் கொடுக்க அவசியமில்லை. பிறகு அதே பொருள் இன்று புதிதாக என்ன விலை என்று விசாரியுங்கள். நல்ல நிலையில் உள்ள கைக்கருவிக்குப் புது விலையில் பாதியும், ஓடும் மெஷினுக்கு 40 முதல் 60 சதவீதமும் கேட்பது நியாயம் என்பது எங்கள் கருத்து. உளியின் விலை, தேயாமல் மீதியிருக்கும் நீளத்தைப் பொறுத்தது.

உளிகளை ஒவ்வொன்றாக விற்காதீர்கள். வருகிறவர் அகல உளி இரண்டையும் பொறுக்கிக்கொண்டு போவார், மிச்சம் பத்தும் தேங்கும். குழி உளி, சாய்வாய் உளி, வெட்டுளி, கொட்டாப்புளி (மரச் சுத்தி) என்று ஒரு ஆரம்பக்காரர் மறுநாளே வேலை தொடங்கும் அளவுக்குத் தொகுப்பாகக் கட்டுங்கள்.

படி 7: விற்கும் நாள்

கல்யாண வீட்டில் சாமான் பரப்புவது போல, எல்லாவற்றையும் வரிசையாக, எண்ணும் விலையும் தெரிய, வெளிச்சத்தில் பரப்பி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நல்லது. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று பலர் பார்ப்பார்கள், வெள்ளிக்கிழமை கொடுக்கல் வாங்கலுக்குத் தயங்குவார்கள். ஆடி மாதத்தில் பெரிய மெஷின் நகராது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் யாரையும் வரச்சொல்லாதீர்கள். ஓடிக் காட்டாத மெஷினுக்கு ஓடாத மெஷின் விலைதான் கேட்பார்கள்.

முதலில் சுற்றுவட்ட ஆசாரிமார்களுக்குச் சொல்லுங்கள்: காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை. அடுத்து ஐ.டி.ஐ. மாணவர்கள். நல்ல சக், வெளிநாட்டு உளி போன்றவற்றுக்குச் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் பொழுதுபோக்கு மரவேலைக்காரர்கள் கூடுதல் விலை தருவார்கள். பார்சல் செலவை அவர்கள் கணக்கில் பேசிக்கொள்ளுங்கள்.

பணம் வாங்குவதில் ஒன்று மட்டும் உறுதியாக இருங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகே பொருளை வெளியே விடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். போனில் பணம் பெற யு.பி.ஐ. ரகசிய எண்ணை (PIN) போடவே தேவையில்லை. போடச் சொல்கிறவர் திருடப் பார்க்கிறார். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்காது.

படி 8: கொண்டுபோகும் பெட்டி

விமானத்தில் உளி, அரம், ரம்பம் எல்லாம் சரக்குப் பெட்டியில்தான் போக வேண்டும். உளி வாய்க்குத் தோல் உறை போடுங்கள். கழற்றிய லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், வழக்கமான வரம்பு 100 வாட்-அவர். 18 வோல்ட், 5 ஆம்பியர்-அவர் பேட்டரி 90, எனவே செல்லும். தின்னர், ஸ்பிரிட் பாலிஷ் எதிலும் போகாது.

கப்பலில் அனுப்பினால் உப்புக்காற்று உளியைத் தின்னும். கிரீஸ் தடவி, மெழுகுத்தாள் சுற்றி, சிலிக்கா ஜெல் போடுங்கள். மரப்பெட்டி அடிப்பதானால் 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் பதப்படுத்தி முத்திரை குத்திய பலகை வேண்டும். சொந்தப் பட்டறைப் பலகையில் அடித்த பெட்டி துறைமுகத்தில் நிற்கும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் கருவியில் ஒட்டிய மரத்தூளைக்கூட விடாமல் துடைக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் நம் 230 வோல்ட் மெஷின் பெரும்பாலும் அப்படியே ஓடும். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் கருவிகளை இங்கேயே விற்றுவிடுங்கள்.

கடைசல் மெஷின் வண்டியேறிய பிறகு மின்வாரியத்தில் பட்டறை இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுத்து, வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். வெளிநாட்டில் குடியேறியதும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அந்த வைப்புத்தொகை எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே வங்கியில் பேசி முடித்துவிடுங்கள்.