கடல்நீர் மீன்தொட்டிக்கு ஏற்ற புரோட்டீன் ஸ்கிம்மரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்க முற்படுவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் லிட்டர் அளவைத்தான். ‘500 லிட்டர் வரை’ என்று போட்டிருந்தால், தம் 300 லிட்டர் தொட்டிக்கு அது தாராளமாகப் போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண்ணைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே கொள்ள வேண்டும். ஸ்கிம்மர் பிரித்தெடுப்பது நீரில் கலந்திருக்கும் கரிமக் கழிவை. அந்தக் கழிவு எவ்வளவு சேரும் என்பதைத் தீர்மானிப்பது, நாள்தோறும் நீங்கள் தொட்டிக்குள் இடும் உணவு. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒன்றில் இரண்டு கிளவுன் மீன்களும் சில மென்பவளங்களும் இருக்கலாம், மற்றதில் நாளுக்கு மூன்று வேளை தின்னும் பெரிய டேங் மீன்கள் ஐந்தாறு இருக்கலாம். இவ்விரண்டுக்கும் ஒரே கருவி பொருந்தாது.

கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் தேர்வில் பாதி எளிதாகிவிடும். மீன்களின் எச்சம், தின்னப்படாமல் எஞ்சிய உணவு, பவளங்கள் சுரக்கும் கோழை ஆகியவற்றிலிருந்து புரதங்களும் கொழுப்பு அமிலங்களும் நீரில் கலக்கின்றன. இம்மூலக்கூறுகளில் பலவற்றின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை நீரை விட்டு விலகும். ஆகவே நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பில் சென்று ஒட்டிக்கொள்வது அவற்றின் இயல்பு. ஸ்கிம்மர் ஒரு குழலுக்குள் எண்ணற்ற நுண்குமிழ்களை உண்டாக்கி அந்தப் பரப்பைப் பல மடங்கு பெருக்குகிறது. கழிவு ஒட்டிய குமிழ்கள் மேலேறி, குறுகிய கழுத்துப் பகுதியில் நுரையாகத் திரண்டு, மேலே உள்ள கோப்பைக்குள் வழிந்து பழுப்பு நிறத் திரவமாகத் தேங்குகின்றன. நன்னீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விரைவில் உடைந்துவிடும். கடல்நீரின் உப்பு அவ்வாறு சேர்வதைத் தடுப்பதால்தான் இம்முறை கடல்நீர்த் தொட்டிகளுக்கு உரியதாக இருக்கிறது. அலை மோதும் கரைகளில் ஒதுங்கும் பழுப்பு நுரையும் இதே காரணத்தால் உண்டாவதுதான்.

இக்கருவியால் எது முடியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நீரில் ஏற்கெனவே கரைந்துவிட்ட அம்மோனியா, நைட்ரேட், கனிம பாஸ்பேட் ஆகியவற்றை ஸ்கிம்மர் நேரடியாக நீக்குவதில்லை. அவை உருவாவதற்கு மூலமான கரிமப் பொருளைச் சிதையுமுன் வெளியேற்றுவதே அதன் பணி. அதையும் முழுமையாகச் செய்வதில்லை. அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கிய ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட ஸ்கிம்மர்கள் நீரில் அளவிட முடிந்த மொத்தக் கரிம கார்பனில் ஏறத்தாழ 20 முதல் 35 சதவீதத்தை மட்டுமே நீக்கின. எனவே மிக விலையுயர்ந்த மாதிரியை வாங்கிவிட்டால் நீர்மாற்றம் தேவைப்படாது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 75 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் மீன்கள் குறைவாக இருந்து, வாரந்தோறும் 10 முதல் 15 சதவீத நீரை மாற்றுவதற்கு நீங்கள் தயாராகவும் இருந்தால், ஸ்கிம்மர் இல்லாமலேயே நலமாக நடத்தலாம் என்பது என் உறுதியான கருத்து. அதைவிடப் பெரிய தொட்டிகளில் அதை வைப்பதற்கு இன்னொரு வலுவான காரணமும் உண்டு. ஓயாமல் காற்றைக் கலப்பதன் மூலம் அது நீரின் ஆக்சிஜன் அளவை உயர்த்துகிறது, தேங்கிய கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. விளக்கணைந்த இரவு வேளையில் பாசிகளும் பவளங்களும்கூட ஆக்சிஜனையே செலவிடுவதால், இந்தப் பயன் சிறியதன்று.

முதலில் உங்கள் தொட்டியின் உண்மையான நீர்க் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். உட்புற நீளம், அகலம், நீர் நிற்கும் உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். உட்புறம் 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் நீர் 45 செ.மீ. உயரத்துக்கு நின்றால் 270 லிட்டர். பாறைகளும் மணலும் அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழித்து, சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கும், தடுப்புகளால் அறைகளாகப் பிரிக்கப்பட்ட துணைத் தொட்டி) நிற்கும் நீரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சம்ப்பில் 60 லிட்டர் இருந்தால் மொத்தம் ஏறக்குறைய 290 லிட்டர் என்று கொள்ளலாம்.

அடுத்து, மீன்களின் சுமையைப் பாருங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் ஒரே கருவிக்குக் குறைந்த சுமை, நடுத்தரச் சுமை, மிகுந்த சுமை என மூன்று அளவுகளைத் தருவார்கள். ஒரே ஓர் எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டிருந்தால் அதைக் குறைந்த சுமைக்கான எண்ணாகவே கருதுவது பாதுகாப்பானது. லயன்ஃபிஷ், ட்ரிகர் போன்ற ஊனுண்ணிகள் இருந்தாலோ, உறைந்த உணவை நாளுக்குப் பலமுறை இட்டாலோ, வோட்கா அல்லது வினிகர் போன்ற கார்பன் மூலங்களை நீரில் சேர்த்து நைட்ரேட்டைக் குறைக்கும் முறையைப் பின்பற்றினாலோ, மிகுந்த சுமைக்கான எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் சேர்க்கும் முறையில் பெருகும் பாக்டீரியாக்களை வெளியேற்றவும், அவை செலவிடும் ஆக்சிஜனை ஈடுகட்டவும் ஸ்கிம்மர் மிக அவசியம். வாங்கும் நாளில் உள்ள மீன்களை மட்டும் கணக்கில் கொள்ளாமல், ஓராண்டுக்குப் பிறகு எத்தனை இருக்கும், எவ்வளவு வளர்ந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் பெரிதாகவே வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஒரு படி பெரிதாக வாங்குவதில் தவறில்லை. இரண்டு மூன்று படி பெரிதாக வாங்கினால் வேறொரு சிக்கல் எழும். நுரை நிலைத்து நிற்பதற்குக் கரிமப் பொருள் தேவை. அகன்ற கழுத்துள்ள கருவிக்குப் போதிய கழிவு கிடைக்காவிட்டால், நுரை கழுத்தின் பாதிவரை ஏறிவிட்டு உடைந்து விழும். பல நாள்கள் கோப்பை வறண்டு கிடந்து, திடீரென ஒருநாள் மட்டும் நிரம்பும். ஆகவே உடலின் பருமனை மட்டும் பார்க்காமல் கழுத்தின் விட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, மிகுந்த கவனம் தேவைப்படும் இடத்துக்கு வருவோம்: கருவியை எங்கே வைக்கப் போகிறீர்கள்? சம்ப் இருந்தால் அதற்குள் நிறுத்தும் வகையே எல்லா வகையிலும் சிறந்தது. கசிந்தாலும் வழிந்தாலும் நீர் சம்ப்புக்குள்ளேயே விழும். இரைச்சலும் அலமாரிக்குள் அடங்கிவிடும். சம்ப் இல்லாதவர்களுக்குத் தொட்டியின் பின்புற விளிம்பில் மாட்டும் வகை உண்டு. அதை வாங்குவதாயின், நீரின் மேற்பரப்பிலிருந்தே நீரை உறிஞ்சும் அமைப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் கரிமப் படலம் திரள்வது அங்கேதான். தொட்டிக்கும் சுவருக்கும் இடையே கருவியின் உடல் புகும் அளவுக்கு இடைவெளி உள்ளதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். வெளியே தனியாக நிற்கும் மறுசுழற்சி வகை பெரிய தொட்டிகளுக்கு உரியது. வீட்டில் அதன் தேவை அரிதாகவே எழும்.

சம்ப்பில் வைப்பதற்கு மூன்று அளவுகளை எடுக்க வேண்டும். முதலாவது, சம்ப்புக்குள் ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீள அகலம். பம்ப் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரிகள் பல உள்ளதால், அடித்தளத்தின் முழு அளவைக் கேட்டுப் பெறுங்கள். இரண்டாவது, அலமாரியின் உட்புற உயரம். கருவி நுழைந்தால் மட்டும் போதாது, கோப்பையைச் சுழற்றி மேலே தூக்கி வெளியே எடுக்கும் அளவுக்கு மேலே இடம் வேண்டும். கருவியின் உயரம் 50 செ.மீ. என்றால், கோப்பையின் கீழ்ப்பகுதி உடலுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு இடத்தையாவது அதற்கு மேல் விட்டாக வேண்டும். இதைக் கவனியாமல் வாங்கியவர்கள், கோப்பையைக் கழுவ ஒவ்வொரு முறையும் கருவி முழுவதையும் சாய்த்து எடுக்க நேர்ந்து, நாளடைவில் கழுவுவதையே கைவிட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது அளவு நீரின் ஆழம். ஒவ்வொரு மாதிரிக்கும் அது நிற்க வேண்டிய ஆழம் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு அது 15 முதல் 25 செ.மீ.க்குள் அமையும். உங்கள் சம்ப்பில் நீர் அதைவிட ஆழமாக நின்றால் கருவியை ஒரு மேடையின் மேல் வைத்துச் சரிசெய்யலாம்; ஆழம் குறைவாக இருந்தால் தடுப்புக் கண்ணாடியை உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. அதைவிட முக்கியமானது, அந்த ஆழம் மாறாமல் இருப்பது. சம்ப்பில் நீர்மட்டம் ஓரிரு சென்டிமீட்டர் ஏறினாலே கருவிக்குள் நீர் உயர்ந்து, கோப்பையில் கழிவுக்குப் பதிலாக வெறும் நீர் வந்து நிரம்பும். இறங்கினால் நுரை கழுத்தை எட்டாது. நுரை ஒழுங்காக வரவில்லை என்ற குறைகளில் பெரும்பகுதி நீர்மட்டத்தின் குறையே என்பதால், கருவிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைச் சம்ப்பைத் திருத்துவதற்கு ஒதுக்குவது நல்லது. ஸ்கிம்மர் நிற்கும் அறையின் நீர்மட்டத்தை ஒரு தடுப்பு நிலையாக வைத்திருக்க வேண்டும். ஆவியாவதால் ஏற்படும் குறைவு முழுவதும் நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் உள்ள அறையில் மட்டுமே தெரிய வேண்டும்.

பம்ப்பைப் பொறுத்தவரை, இன்று வீட்டுத் தொட்டிகளுக்கு விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை நீடில் வீல் வகையைச் சேர்ந்தவை. வென்ச்சுரி எனும் குறுகிய குழாய் வழியே உறிஞ்சப்படும் காற்றை, ஊசிகள் நெருங்கப் பதிந்த இம்பெல்லர் (பம்ப்பின் சுழலும் சக்கரம்) சிதறடித்து நுண்குமிழ்களாக்குகிறது. மரத்தாலான காற்றுக்கல்லைக் கொண்டு இயங்கும் பழைய வகை மலிவானது, சிறு தொட்டிக்கு நன்றாகவே உழைக்கும்; ஆனால் கல் விரைவில் அடைபட்டுப்போவதால் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். மாதிரிகளை ஒப்பிடும்போது, பம்ப் மணிக்கு எத்தனை லிட்டர் நீரைத் தள்ளுகிறது என்பதைக் காட்டிலும் எத்தனை லிட்டர் காற்றை இழுக்கிறது என்பதற்கே முதன்மை தாருங்கள்.

ஏசி பம்ப் எளிமையானது, விலை குறைந்தது. டிசி பம்ப்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், இரைச்சலும் பொதுவாகக் குறைவு. ஆனால் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் கருவி முழுவதும் நின்றுவிடும். எனவே அப்பெட்டி தனியாக வாங்கக் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்கிம்மர் இரவும் பகலும் ஓடுவது என்பதால் வாட் அளவையும் பாருங்கள். 12 வாட் பம்ப் 30 நாளில் ஏறத்தாழ 8.6 யூனிட் மின்சாரம் எடுக்கும். 25 வாட் பம்ப் 18 யூனிட் எடுக்கும்.

உடல் கூம்பாக இருக்க வேண்டுமா, உருளையாக இருக்க வேண்டுமா என்பதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. நீர் வெளியேறும் குழாயைச் சரிசெய்யும் அமைப்பு நுணுக்கமாக இருப்பதே முக்கியம். சிறிது திருப்பினால் கருவிக்குள் நீர்மட்டம் சிறிதே நகர வேண்டும், குதிக்கக் கூடாது. கோப்பை ஒரு கையால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். அதன் அடியில் வடிகுழாய் இருந்தால் கழிவை ஒரு மூடிய கலத்துக்குக் கொண்டுசெல்லலாம். அக்கலம் நிரம்பினால் பம்ப்பை நிறுத்தும் மிதவை சுவிட்சைப் பொருத்துவது, வீட்டில் இல்லாத நாள்களில் பெரும் பாதுகாப்பு.

புதிய கருவியைப் பொருத்திய முதல் சில நாள்களில் நுரை ஒழுங்காக வராது. தயாரிப்பின்போது படிந்த எண்ணெய்ப் பிசுக்கு நீங்கி, உட்சுவரில் மெல்லிய உயிர்ப்படலம் படிய ஓரிரு வாரங்கள் ஆகலாம். அதற்குள் கருவியைக் குறை சொல்லித் திருப்பித் தர வேண்டாம். வினிகர் கலந்த நீரில் முன்கூட்டியே ஓடவிட்டுக் கழுவினால் இக்காலம் குறையும். தொடக்கத்தில் வெளியேற்றும் குழாயை நன்கு திறந்துவைத்து, நாளுக்கு ஒருமுறை மட்டும் சிறிது மூடி, நுரை கழுத்தின் அடிப்பகுதியில் திரளத் தொடங்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். கோப்பையில் சேர்வது வெளிறிய தேநீர் நிறத்தில் நிறைய வந்தால் மட்டத்தைச் சற்று இறக்குங்கள். கருத்த குழம்பாக மிகக் குறைவாக வந்தால் சற்று ஏற்றுங்கள். உணவிட்டவுடன் நுரை சிலமணி நேரம் தணிந்துபோவது உணவிலுள்ள எண்ணெயால். அப்போது எதையும் திருகாதீர்கள். மாறாக, பவளம் ஒட்டப் பயன்படும் எப்பாக்ஸி, சில மருந்துகள், நீர்ப் பதப்படுத்திகள் ஆகியவை சேர்ந்தால் நுரை பொங்கி வழியும். அந்நாள்களில் கோப்பையைக் கழற்றிவிட்டுக் காற்றோட்டத்துக்காக மட்டும் கருவியை ஓடவிடலாம்.

கழுத்தின் உட்புறத்தில் படியும் வழவழப்பான பழுப்புப் படலம் நுரையை ஏறவிடாமல் உடைத்துவிடும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அதைத் துடைத்தெடுக்க வேண்டும். காற்றுக் குழாயின் முனையில் உப்பு படிந்து துளை சுருங்கிப்போவது மற்றொரு வழக்கமான கோளாறு. வெதுவெதுப்பான நன்னீரை அவ்வப்போது அதன் வழியே இழுக்கவிட்டால் கரைந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்துச் சுண்ணப் படிவை நீக்குங்கள்.

பழைய கருவி வாங்குவதாயின் இம்பெல்லரை வெளியே எடுத்துப் பாருங்கள். அதன் காந்தத்தின் உறை வெடித்துத் துரு கசிந்திருந்தாலோ, காந்தம் உப்பியிருந்தாலோ வாங்காதீர்கள். ஒட்டுகளில் மயிரிழைக் கீறல் உள்ளதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓ-ரிங்குகளும் இம்பெல்லரும் இன்னும் உதிரியாகக் கிடைக்கின்றனவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். செம்பு கலந்த மருந்து இட்ட தொட்டியில் அக்கருவி ஓடியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஓடியது என்றால், மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். பவளங்களும் இறாலும் உள்ள தொட்டிக்கு வேண்டாம்.