டீச்சரைப் பார்க்க வெறும் கையோடு போகாதீர்கள்

டிஸ்லெக்சியா (வாசிப்பதும் பிழையின்றி எழுதுவதும் சிரமமாக இருக்கும் கற்றல் குறைபாடு) உள்ள குழந்தைக்காகப் பள்ளியில் பேசப் போகிறீர்களா? ஒரே கேள்விக்குப் பிள்ளை எழுதிய பதிலையும், வாயால் சொன்ன பதிலின் ஆடியோவையும் கொண்டுபோங்கள். தாளில் எழுத்துப்பிழையோடு அரைகுறையாக இரண்டு வரி இருக்கும். போனில் பாடமே முழுசாக வந்திருக்கும். "சோம்பேறி, கவனமில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்.

அப்புறம், "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகக் கேளுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர், அறிவியல், வரலாறு விடைத்தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது. திடீரென எழுப்பி வகுப்பு முன்னால் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்பதையும் கேளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முதலில்.

ஒப்புக்கொண்டதை எல்லாம் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். அடுத்த வருஷம் டீச்சர் மாறும்போது அதுதான் கைகொடுக்கும்.