குல்மார்க்கில் குடும்பத்தோடு பனிச்சறுக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஷ்மீர் டூர் பேக்கேஜ்களில் குல்மார்க்குக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குவார்கள். காலையில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பி, கொண்டோலா என்ற கேபிள் காரில் ஏறி இறங்கி, அரை மணி நேரம் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையைக் காலில் கட்டிப் போட்டோ எடுத்து, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பனியைப் பார்த்துவிட்டு வர இது போதும். பிள்ளைகள் உண்மையிலேயே பனிச்சறுக்கு பழக வேண்டும் என்று கிளம்புகிற குடும்பத்துக்கு இந்தத் திட்டம்தான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன. நேரம் இல்லாததால் உடம்பு உயரத்துக்குப் பழகுவதில்லை, ஸ்கீ பூட்ஸைச் சரியாகப் போட்டுப் பார்ப்பதில்லை, பயிற்சியாளரை விசாரிப்பதில்லை, களைத்த பிறகும் "இன்னும் ஒரு தடவை" என்று ஏறுகிறோம்.

முதல் நாள் நிற்கவும் விழவும் எழவும் போய்விடும். இரண்டாம் நாள்தான் பிள்ளை தானாக நிறுத்தக் கற்றுக்கொள்கிறது. மூன்றாம் நாளில்தான் சிரிப்பு வருகிறது. அதனால் குல்மார்க்கிலேயே குறைந்தது மூன்று இரவு தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். அதற்கு நாள் இல்லையென்றால் ஸ்கீயிங்கை விட்டுவிட்டுப் பனியில் விளையாடிவிட்டு வாருங்கள். அதுவும் நல்ல விடுமுறைதான்.

எப்போது போவது என்பதிலும் நம் பள்ளி அட்டவணை குறுக்கே நிற்கிறது. அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. அப்போது சறுக்குமளவுக்குப் பனி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஏப்ரல், மே விடுமுறைக்குள் கீழ்ச்சரிவுகளில் பனி உருகிவிடும். காஷ்மீரில் சில்லை கலான் என்று சொல்லும் கடுங்குளிர் 40 நாட்கள், டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரை. நம்பிப் போகக்கூடிய காலம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. அதிலும் ஏமாற்றம் உண்டு: 2024 ஜனவரியில் மாதம் முடியப்போகும் வரை குல்மார்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. பணம் கட்டும் முன்பு தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உயரத்தை மறந்துவிடுவது

சென்னையிலிருந்து காலையில் கிளம்பினால் அன்று மாலையே குல்மார்க்கில் இருக்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டருக்கு ஒரே நாளில். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்கு மலை நோய் தலைகாட்டும். மறுநாள் காலை கொண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் சுமார் 3,950 மீட்டர். அங்கே மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான்.

முதல் இரவை ஸ்ரீநகரில் தங்குங்கள். அது சுமார் 1,600 மீட்டர் உயரம். குல்மார்க் போன அன்றைக்கு நடை மட்டும் போதும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, காரணமில்லாத களைப்பு எல்லாம் உயரத்தின் அறிகுறிகள். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பாடு வேண்டாம் என்று தள்ளும், சிணுங்கும், ஒரு மூலையில் சுருண்டு படுக்கும். அப்படியானால் அன்று மேலே ஏறவே கூடாது. இருக்கிற இடத்திலேயே மோசமாகிக்கொண்டு போனால் உடனே கீழே இறங்க வேண்டும். தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறீர்கள், அவர்களுக்கு இதயத் தொந்தரவோ மூச்சுப் பிரச்சினையோ இருக்கிறது என்றால், கிளம்பும் முன்பு அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் 3,950 மீட்டர் என்ற எண்ணைச் சொல்லியே கேளுங்கள். "காஷ்மீர் போகலாமா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

இன்னொன்று, போன். வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். இரண்டு பேரிடம் இருந்தால் சரிவில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பிள்ளையின் ஜாக்கெட் உள்பையில் அந்த எண்ணையும் ஓட்டல் பெயரையும் எழுதிய காகிதம் ஒன்றைப் போட்டுவையுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஹெல்மெட்டும் காகிள்ஸும் மாட்டிய பிறகு பெற்றவர்களுக்கே அடையாளம் தெரியாது.

உடுப்பும் பூட்ஸும்

ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி பனியனும் வேண்டாம். நம் ஊருக்கு உயிர் காக்கும் பருத்தி அங்கே ஆகாது. வியர்வையையும் பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். குல்மார்க் போகும் வழியில் அடிவாரத்தில் இருக்கும் டங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும் கோட்டும் ரப்பர் பூட்டும் பனியில் நடக்க உதவும். எடுக்கும்போது ஜிப் கடைசி வரை ஏறுகிறதா, பூட்டின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா என்று கை விட்டுப் பாருங்கள்.

ஸ்கீ பூட் வேறு விஷயம். இங்கேதான் கால் மணி நேரம் பொறுமை வேண்டும். குளிருமே என்று இரண்டு மூன்று சாக்ஸ் போடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. பூட்டுக்குள் இறுக்கம் கூடி ரத்த ஓட்டம் குறைய, கால் இன்னும் அதிகமாகக் குளிரும். முழங்கால் வரை வரும் ஒரே ஒரு சாக்ஸ் போதும். தெர்மல் பேன்ட்டின் நுனியைப் பூட்டுக்குள் செருகாதீர்கள்; மேலே இழுத்துவிடுங்கள். துணி மடிப்பு ஒன்று உள்ளே மாட்டினாலும் ஒரு மணி நேரத்தில் கணுக்காலுக்கு மேலே தோல் உரிந்துவிடும். பிறகு குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டி, கொக்கிகளை மாட்டி நிற்கச் சொல்லுங்கள். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும், குதிகால் மேலே எழும்பவே கூடாது. குதிகால் எழும்பினால் அந்தப் பூட் பெரிது. "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்ற நம் செருப்புக்கடைக் கணக்கு இங்கே செல்லாது.

பூட்டை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங்கில் ஒரு சின்ன எண் தெரியும். எவ்வளவு விசை வந்தால் ஸ்கீ கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. எடை, உயரம், வயது, பூட்டின் அடிநீளம், திறமை எல்லாம் பார்த்து அதைத் திருகி வைக்க வேண்டும். அப்பாவுக்கு வைத்த எண்ணிலேயே பத்து வயது மகளுக்கும் கொடுத்தால், அவள் விழும்போது ஸ்கீ கழலாது; கால்தான் திரும்பும். எடையும் வயதும் கேட்காமல் ஸ்கீயை நீட்டுகிற கடையில் வாங்காதீர்கள். வேறு கடை பாருங்கள்.

ஹெல்மெட் எல்லோருக்கும் வேண்டும், பழகும் சரிவிலும் வேண்டும். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் மோன் டிரெம்பிளானில், தொடக்கநிலைச் சரிவில், பயிற்சியாளரோடு இருக்கும்போதுதான் விழுந்தார். ஹெல்மெட் போட்டிருக்கவில்லை. எழுந்து நன்றாகப் பேசினார். முதலில் வந்த ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சற்று நேரம் கழித்துத் தலைவலி வந்தது. இரண்டு நாளில் இறந்துபோனார். மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. தலையில் அடிபட்ட பிள்ளை சிரித்துப் பேசுகிறதே என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான்.

சரிவில்

"நானே சொல்லிக்கொடுக்கிறேன்" என்று அப்பாக்கள் இறங்குவது அன்பினால்தான். ஆனால் முதல் இரண்டு நாளாவது அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரை வையுங்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு ஒருவர், உபகரணம் சேர்த்தா என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளை முதலில் கற்க வேண்டியது நிறுத்துவது. ஸ்கீயின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்துவது. அந்த முக்கோண வடிவத்தைப் பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்கு "பீட்ஸா" என்றே சொல்லிக்கொடுப்பார்கள். பிள்ளை தான் நினைத்த இடத்தில் தொடர்ந்து ஐந்தாறு முறை நிற்கும் வரை அடுத்த சரிவுக்கு ஏற்றாதீர்கள். வேகமாக இறங்கிவிட்டான் என்று கைதட்டுவதைவிட, சரியாக நின்றான் என்று கைதட்டுங்கள்.

சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் நடத்தை விதிகள் பத்து. குடும்பத்துக்கு அவசியமானவை இரண்டு. கீழே போகிறவருக்கே வழி. மேலேயிருந்து வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். நிற்பதென்றால் சரிவின் ஓரத்தில் நிற்க வேண்டும், மேட்டுக்கு அடுத்த மறைவில் நிற்கக் கூடாது. நம் குடும்பங்கள் குரூப் போட்டோவுக்கு நிற்பது பெரும்பாலும் அந்த மறைவில்தான்.

இரண்டாம் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதல் கட்டம் கோங்தூரி வரை. இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையின் தோளுக்கு ஏறுகிறது. மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே கேபினில் இறங்கலாம், வானம் தெளிவாக இருந்தால் அருமையான காட்சி. ஆனால் அங்கிருந்து ஸ்கீயில் இறங்குவது பழகாதவர்களுக்கு உரியதல்ல. அது உலகம் முழுவதிலிருந்தும் தேர்ந்தவர்கள் வரும் மலை. சமன்செய்யாத பனி, பனி பெயர்ந்து வந்து ஆளை மூடும் உண்மையான பனிச்சரிவு அபாயம். 2023 பிப்ரவரி 1 அன்று போலந்துக்காரர்கள் இருவர் அங்கே பனிச்சரிவில் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். அவர்கள் அனுபவசாலிகள். பனிக்குள் புதைந்தவருக்குக் கிடைப்பது நிமிடக் கணக்குதான். கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. அதனால்தான் அங்கே இறங்குகிறவர்கள் சிக்னல் கருவி, மண்வெட்டி, துழாவும் கம்பி மூன்றையும் சுமக்கிறார்கள். யாராவது "ஈஸி ரூட் இருக்கு சார்" என்று கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கயிறு கட்டி மூடிய இடம் எதுவானாலும் அதற்குள் ஒரு அடிகூட வேண்டாம்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி வீசுகிறது. அதாவது வெயில் கீழேயிருந்தும் அடிக்கிறது. சன்ஸ்கிரீனைத் தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழ்ப்பக்கமும் தடவ வேண்டும். காகிள்ஸ் இல்லாமல் விளையாடிய பிள்ளைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தி, தண்ணீராகக் கொட்டும். மேகமூட்டமான நாளிலும் இது நடக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை பிள்ளையின் க்ளவுஸைக் கழற்றி விரலைப் பாருங்கள். நுனி வெளிறி, கிள்ளினால் தெரியவில்லை என்றால் உள்ளே போக வேண்டிய நேரம். பனியை வைத்துத் தேய்க்கக் கூடாது. நெருப்புக்கு அருகிலும் காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். உங்கள் அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். விரல் கருத்தாலோ கொப்புளம் வந்தாலோ டாக்டர்தான். சொல்ல மறந்தேனே, பூட் மாட்டுவதற்கு முன்பு பிள்ளையை டாய்லெட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். அத்தனை அடுக்கையும் கழற்றி மாட்ட இருபது நிமிடம் ஆகும்.

மாலை மூன்று மணிக்கு மேல் நிறுத்திக்கொள்வது நல்லது. மதிய வெயிலில் இளகிய பனி நிழல் விழுந்ததும் ஐஸாக இறுகும். அதே நேரத்தில்தான் தொடையும் சோர்ந்திருக்கும். யாராவது விழுந்து எழ முடியவில்லை என்றால், அவருக்குச் சற்று மேலே இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாகப் பனியில் குத்திவையுங்கள். மேலேயிருந்து வருகிறவர்கள் விலகிப் போவார்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம், இழுத்து உட்காரவைக்கவும் வேண்டாம். சரிவில் மீட்பு வேலை பார்க்கும் ஸ்கீ பேட்ரோலைக் கூப்பிடுங்கள். அவசர எண் 112. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் சாகச விளையாட்டுகளை அது விலக்கியிருக்கிறதா என்று ஊரிலேயே படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் அந்த விலக்கு உண்டு.

அறையில், வழியில்

ஓட்டல் அறையில் புகாரி என்ற விறகடுப்பு இருக்கும். அதைப் பற்றவைத்து ஜன்னலை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. கரி போட்டுக் குளிர்காயும் காங்ரி என்ற சட்டியையும் படுக்கைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணம் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அதன் அறிகுறிகள் மலை நோய் மாதிரியே இருக்கும், அதனால் ஏமாந்துபோவோம். அறையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறது, வெளிக்காற்றுக்கு வந்தால் தெளிகிறது என்றால் அது உயரமல்ல, புகை. அந்த அறைக்குத் திரும்பாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

திரும்பும் விமானம் இருக்கிற அன்று காலை குல்மார்க்கிலிருந்து கிளம்புவது கூடாது. பனி கொட்டினால் டங்மார்க் வரையிலான 13 கிலோமீட்டர் சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டிகளும் நான்கு சக்கர இயக்க வண்டிகளும்தான் போகும். ஸ்ரீநகரில் விமானங்களும் பனியிலும் மூடுபனியிலும் ரத்தாகும். முந்தைய நாளே இறங்கி ஸ்ரீநகரில் தூங்குங்கள். விமான நிலையத்துக்கு வெளியிலேயே சாமான்களை இறக்கிச் சோதிப்பார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பெரியவர்களின் பிபி, சுகர் மாத்திரைகளை மூன்று நாளுக்குக் கூடுதலாகக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் அதைக் காரின் பின்பெட்டியிலோ வெளிப்பையிலோ விடாதீர்கள். ஒரு முறை உறைந்த இன்சுலின், இளகிய பிறகும் பயன்படாது. ஜாக்கெட்டின் உள்பையில், உடம்பு அதன் மேல் நேரே ஒட்டாதபடி ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.