ஜப்பானிய அனிமேயை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் தயாரிப்பாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் இந்தத் தொழிலில், தயாரிப்பாளரின் கைக்குப் படம் முடிந்த நிலையில்தான் வந்து சேர்கிறது. டோக்கியோவில் யாரோ வரைந்து, யாரோ பேசி, யாரோ இசையமைத்து முடித்துவிட்டார்கள். அதன் உரிமையை வாங்கி, வசனத்தை ஆங்கிலத்தில் எழுதவைத்து, நடிகர்களைப் பேசவைத்து, தொலைக்காட்சிக்கோ திரையரங்குக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இவருடைய வேலை. 1963இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் பிரெட் லாட் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை அமெரிக்கத் தொலைக்காட்சிக்குத் தயார் செய்த காலம் தொட்டு இந்த வேலை நடந்துவருகிறது. தவறுகளும் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை, பார்க்கிறவருக்கு இது புரியாது, பிடிக்காது, தாங்காது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுவதால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் தவறு, வரைந்த படம் என்றாலே குழந்தைகளுக்கானது என்று நினைப்பது. ஜப்பானின் டாட்சுனோகோ நிறுவனம் 1972இல் தொடங்கிய ‘காட்சாமன்’ தொடர் 105 பகுதிகள் கொண்டது. அதில் மனிதர்கள் சாவார்கள், நகரங்கள் அழியும். அமெரிக்கத் தயாரிப்பாளர் சாண்டி பிராங்க் அதை வாங்கி 1978இல் ‘பேட்டில் ஆஃப் தி பிளானெட்ஸ்’ என்ற பெயரில் 85 பகுதிகளாக வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து ஊரையே கலக்கியிருந்தது. எனவே பூமியில் நடந்த கதை விண்வெளிக்குப் போனது. சாவுகள் வெட்டப்பட்டன. நகரம் இடிந்து விழும்போது, மக்கள் எல்லோரும் முன்பே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று ஒரு குரல் ஆறுதல் சொன்னது. வெட்டிய இடங்களை நிரப்ப 7-சார்க்-7 என்ற ரோபோவை அமெரிக்காவிலேயே வரைந்து சேர்த்தார்கள். அந்தத் தொடரை நேசித்து வளர்ந்தவர்கள் ஏராளம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் நேசித்தது வெட்டியும் எஞ்சி நின்ற ஓவியத்தையும் வேகத்தையும்தான். அந்த ரோபோவுக்காக யாரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வெட்டுவதால் வரும் நஷ்டம் திரையோடு முடிவதில்லை, உறவையும் முறிக்கும். இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘நௌசிகா’ 1984இல் வந்த 117 நிமிடப் படம். மறு ஆண்டே அமெரிக்காவில் ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்ற தலைப்பில் அது வெளியானது. இருபது நிமிடங்களுக்கு மேல் காணாமல் போயிருந்தது. நாயகியின் பெயர்கூட சாண்ட்ரா என்று மாறியிருந்தது. அந்தக் கசப்பு மியாசாகியின் ஜிப்லி ஸ்டூடியோவின் கொள்கையாகவே ஆனது: ஒரு காட்சியையும் வெட்டக் கூடாது. பிற்பாடு ‘பிரின்சஸ் மோனோனோகே’ படத்தைக் குறைக்க வேண்டும் என்று மிராமாக்ஸ் தலைவர் ஹார்வி வைன்ஸ்டீன் வற்புறுத்தியபோது, ஜிப்லியின் தயாரிப்பாளர் தோஷியோ சுசுகி அவருக்கு ஒரு ஜப்பானிய வாளைக் கொடுத்து ‘வெட்டு கூடாது’ என்று சொன்ன கதை பிரசித்தம். 1999இல் ஆங்கிலப் படம் முழுதாகவே வந்தது. ஒருவர் செய்த வெட்டுக்கு அடுத்து வருகிறவர் பல ஆண்டுகள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பழக்கம், படம் ஜப்பானிலிருந்து வந்தது என்பதையே மறைப்பது. ‘போகிமான்’ ஆங்கிலத் தொடரில் பிராக் என்ற பாத்திரத்தின் கையில் இருப்பது முக்கோண வடிவச் சோற்று உருண்டை. அடியில் கடற்பாசித் தாள் சுற்றியிருக்கிறது. அவன் வாய் அதை ‘டோனட்’ என்கிறது. பார்க்கிற குழந்தைக்குக் கண் இருக்கிறது. அது என்ன பண்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆர்வமும் இருக்கிறது. அந்த ஆர்வத்தை மதித்திருந்தால் ஒரு பொய்யைத் தவிர்த்திருக்கலாம். ‘சைலர் மூன்’ தொடரில் நடந்தது இதைவிடப் பெரிய அநியாயம். அதில் வரும் ஹருகா, மிச்சிரு என்ற இரு பெண்களும் காதலர்கள். 2000இல் வந்த ஆங்கில வடிவம் அவர்களை ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கியது. ஆனால் படத்தை அப்படியே விட்டுவிட்டதால், அவர்களுக்கு இடையிலான பார்வையும் நெருக்கமும் திரையிலேயே இருந்தன. மறைக்கப் போன விஷயம் முன்னைவிட விகாரமாகத் தெரிந்தது. 2014 முதல் விஸ் மீடியா நிறுவனம் புதிதாக டப்பிங் செய்தபோது அந்தக் காதல் காதலாகவே திரும்பி வந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் ஜப்பானிய வசனத்தை வரிக்கு வரி அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். ‘மோனோனோகே’ ஆங்கில வசனத்தை எழுதிய நீல் கெய்மன் சந்தித்த ஓர் இடத்தைப் பாருங்கள். ஜிகோ என்ற துறவி, தனக்குக் கிடைத்த கஞ்சி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்கிறார். ஜப்பானியருக்கு அது சுருக்கென்று தைக்கும் வசவு. ஆங்கிலத்தில் சப்பென்று போய்விடும். கெய்மன் அதைக் கழுதை மூத்திரம் என்று மாற்றினார். சொல் மாறியது, துறவியின் எரிச்சல் மாறவில்லை. ‘ஸ்பிரிட்டட் அவே’ ஆங்கில வடிவத்தில் சிஹிரோ அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்ததும், இது குளியல் விடுதி என்று ஒரு வரி சொல்கிறாள். ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்த வரி தேவையில்லை, கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். வெளிநாட்டவருக்குத் தேவை. ஒரு சட்டகத்தையும் தொடாமல், அவள் பாத்திரத்தையும் கெடுக்காமல் அந்த உதவி நடந்துவிடுகிறது. மாற்றம் என்றால் இந்த அளவு கூச்சத்தோடு செய்ய வேண்டும்.

ஒலிப்பதிவு அறையில் வேறு வகைச் சிக்கல். ஜப்பானில் நடிகர்கள் பெரும்பாலும் ஒரே அறையில் சேர்ந்து நின்று பேசுவார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருவர் தனியாகக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பார். காதில் மூன்று ‘பீப்’ ஒலி வரும்; நான்காவது ஒலி வரவேண்டிய கணத்தில் அவர் வாய் திறக்க வேண்டும். திரையில் வாய் திறக்கிறது, மூடுகிறது. அந்த அளவுக்குள் வாக்கியம் அடங்க வேண்டும். இதில் தமிழருக்கு உடனே பிடிபடும் ஒரு விஷயம் உண்டு. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான் வரும். ‘அவனை நான்...’ என்று ஒருத்தி தொடங்குகிறாள், கேமரா எதிரில் நிற்பவன் முகத்துக்குப் போகிறது, திரும்ப அவளிடம் வரும்போது ‘கொல்லவில்லை’ என்கிறாள். நமக்கு மூச்சு நிற்கும் இடம் அது. ஆங்கிலத்தில் மறுப்பு முதலிலேயே வந்துவிடுவதால் கேமரா திரும்புவதற்குள் விஷயம் உடைந்துவிடும். நல்ல வசனகர்த்தா வாக்கியத்தையே வேறாகக் கட்டி, முடிச்சைக் கடைசி வாய் அசைவுக்குத் தள்ளிக்கொண்டு போவார். அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும். பட்ஜெட் போடும் தயாரிப்பாளர் பிரபல நடிகரின் சம்பளத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, வசனம் எழுதுகிறவரிடம் ஓரிரு நாள் கெடு வைத்தால் அந்தப் படம் தேறாது.

அமெரிக்கத் தயாரிப்பாளர் கார்ல் மேசெக்கைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ‘மாக்ராஸ்’ என்ற ஜப்பானியத் தொடரில் 36 பகுதிகளே இருந்தன. அன்றைய அமெரிக்க நிலையங்கள் வாரத்தில் ஐந்து நாள் ஒளிபரப்ப 65 பகுதிகள் கேட்டன. ஹார்மனி கோல்ட் நிறுவனத்துக்காக மேசெக் ‘சதர்ன் கிராஸ்’, ‘மோஸ்பீடா’ என்ற, தொடர்பே இல்லாத இன்னும் இரண்டு தொடர்களை அதோடு இணைத்து, மூன்று தலைமுறைக் கதையாக்கி, 1985இல் 85 பகுதிகள் கொண்ட ‘ராபோடெக்’ ஆக்கினார். மூலத்தைச் சிதைத்தவர் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம். ‘மாக்ராஸ்’ கதையில் வரும் விமானி ராய் ஃபோக்கரின் சாவை அவர் வெட்டவில்லை. காதலையும் போரின் இழப்பையும் அமெரிக்கப் பிள்ளைகள் முன் துணிந்து வைத்தார். பின்னர் 1988இல் ஜெர்ரி பெக்குடன் சேர்ந்து ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ‘அகிரா’ படத்தை அமெரிக்கத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோனார். ஆனாலும் அவருடைய முறையை இன்று பின்பற்றக் கூடாது. 65 என்ற கணக்கு இணைய ஒளிபரப்பில் இல்லை. பன்னிரண்டு பகுதியே போதும் என்றால் பன்னிரண்டோடு நிற்கலாம். காரணம் போன பிறகும் வழக்கத்துக்காகக் கதைகளை ஒட்டவைப்பவருக்கு மேசெக்கின் சாக்கு செல்லாது.

கடைசியாக, பலரும் அலட்சியமாக விடும் ஒன்று: ஒப்பந்தம். குரல் இல்லாத, இசையும் ஓசையும் மட்டும் கொண்ட ஒலித்தடம் மூல நிறுவனத்திடம் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். இல்லையென்றால் கதவு சாத்தும் சத்தம் முதல் பின்னணி இசை வரை புதிதாகச் செய்ய வேண்டிவரும். பாடல்களுக்கு உரிமை தனியா, வீட்டுக் காணொளிக்குத் தனியா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். விற்பவருக்கு உண்மையில் எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். ‘மாக்ராஸ்’ இதற்குச் சரியான பாடம். ஹார்மனி கோல்ட் உரிமை பெற்றது டாட்சுனோகோவிடம். பாத்திரங்களையும் இயந்திரங்களையும் உருவாக்கிய ஸ்டூடியோ நுவேயும், விளம்பர நிறுவனமான பிக் வெஸ்டும் தங்களுக்கு உரிமை உண்டு என்று நின்றார்கள். வழக்கு டோக்கியோ நீதிமன்றங்களுக்குப் போனது. அந்த இழுபறியில் பின்னர் வந்த மாக்ராஸ் தொடர்களில் பெரும்பாலானவை ஜப்பானுக்கு வெளியே முறையாக வர முடியாமலே கிடந்தன. பிக் வெஸ்டும் ஹார்மனி கோல்டும் உடன்பாட்டுக்கு வந்தது 2021 ஏப்ரலில்தான். ‘ராபோடெக்’ ஒளிபரப்பாகி அதற்குள் முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.