கணிதத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மதிப்பெண்ணைத் தொலைக்கும் இடங்கள்

முன்னோட்டத் தேர்வுத் தாள் திருத்தி வரும். மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், முகம் வாடும், தாள் கோப்புக்குள் போய்விடும். அடுத்த நாளே பழைய தேர்வுக் கேள்விகளின் தொகுப்பான டென் இயர் சீரிஸ் ஒன்றைப் புதிதாக வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் கணிதத்துக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் நான் பார்க்கும் தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. எந்த இடத்தில் தனக்குச் சறுக்குகிறது என்று அந்தப் பிள்ளைக்கென்றே எழுதிக் கொடுத்த ஒரே ஆவணம் அந்தத் தாள்தான். அதைத் திறந்து பார்க்காமல் ஆயிரம் கணக்குப் போட்டாலும், தெரிந்ததையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்போம்.

இங்கே அரையாண்டுத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு படிப்படியாகக் குறைத்து 2023க்குள் எல்லா நிலைகளிலும் எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் முழுத் தாளாக எழுதித் திரும்பி வருவது அதனால் குறைந்திருக்கிறது. வருகிற ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஆசிரியரின் விளக்கத்தை மூடிவைத்துவிட்டு, மதிப்பெண் போன ஒவ்வொரு கணக்கையும் வெள்ளைத் தாளில் மறுபடி போடச் சொல்லுங்கள். இப்போதும் வரவில்லையென்றால் பாடம் புரியவில்லை. உடனே சரியாக வந்துவிட்டால் தேர்வறையில் வேறு ஏதோ நடந்திருக்கிறது: கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, நேரம் போதவில்லை, அல்லது ஒரு வரியைத் தாண்டிவிட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் “கேர்லெஸ்” என்று ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். அப்புறம் எதையும் சரிசெய்ய முடிவதில்லை.

ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். இரண்டு பின்னங்களுக்கும் கீழே ஒரே எண். மேலே 3, அதிலிருந்து அடைப்புக்குறிக்குள் இருக்கும் எக்ஸ் − 5ஐக் கழிக்க வேண்டும். பிள்ளை 3 − எக்ஸ் − 5 என்று எழுதி, −எக்ஸ் − 2 என்று முடிக்கிறது. மேலே வர வேண்டியது 8 − எக்ஸ். கழித்தல் குறி அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு உறுப்புகளையும் மாற்றும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், கேட்டால் சொல்லும். ஆனால் அடைப்புக்குறியை எழுதாமலே மனத்துக்குள் விரிக்கிறது. பழைய தாள்களைப் புரட்டினால் இதே சறுக்கல் மூன்று நான்கு இடங்களில் இருக்கும். “கவனமாகப் போடு” என்று சொல்லிப் பயனில்லை. அடைப்புக்குறியோடு ஒரு வரி, அதை நீக்கி அடுத்த வரி என்று எழுதும் பழக்கம் வந்தால் இது போகும்.

அடுத்தது கண்ணால் படிப்பது. விடை விளக்கத்தை வரிவரியாகப் பார்த்து, “ஆமாம், புரிகிறது” என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவது. பிறர் போட்ட கணக்கு எப்போதும் எளிதாகத்தான் தெரியும். முதல் வரியை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் தேர்வில் கடினம், விளக்கமோ அதைத்தான் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் விளக்கத்தின் ஒரே ஒரு வரியைப் பார்க்கலாம். பிறகு மூடிவிட்டுத் தொடர வேண்டும். இரண்டு நாள் கழித்து அதே கணக்கை எதையும் பார்க்காமல் போட்டு முடித்தால்தான் அது தெரிந்த கணக்கு.

ஒரே தலைப்பில் முப்பது கணக்கு போடுவதும் இதே மாதிரி ஏமாற்றும். டிரிகோனோமெட்ரி அத்தியாயத்தில் உட்கார்ந்திருக்கும்போது சைன் விதியா கோசைன் விதியா என்பதை மட்டும் தீர்மானித்தால் போதும். தேர்வில் அது டிரிகோனோமெட்ரி கணக்கு என்பதையே பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குகளைக் கலந்து பயிற்சி செய்தவர்கள் பின்னால் வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் டக் ரோரர் 2007இல் கெல்லி டெய்லருடன் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயிற்சி செய்யும் நேரத்தில் கலந்து போட்டவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்துப் பயந்து பழைய முறைக்கே திரும்பிவிடாதீர்கள். செப்டம்பர் விடுமுறைக்குள் தலைப்புவாரிப் பயிற்சியை முடித்துக்கொண்டு, அதன் பின் கலவையாகவே போடுவது நல்லது.

இனி, விடையை முன்கூட்டியே சுருக்குவது. இது அநியாயமாகப் போகும் மதிப்பெண். ஓர் உருளையின் கொள்ளளவு 500 கன செண்டிமீட்டர், உயரம் 12 செண்டிமீட்டர். முதலில் ஆரம் கேட்பார்கள், பிறகு வளைபரப்பு. ஆரம் 3.6418 என்று கால்குலேட்டரில் நீளமாக வரும். மூன்று சிக்னிஃபிகண்ட் ஃபிகருக்கு (பொருளுறு இலக்கம்) 3.64 என்று எழுதுவது சரி. ஆனால் அந்த 3.64ஐயே எடுத்து வளைபரப்பைக் கணக்கிட்டால் 274 வரும். சுருக்காத எண்ணை வைத்துப் போட்டால் 275. தாளில் சுருக்கி எழுதலாம், கால்குலேட்டருக்குள் சுருக்காத எண் அப்படியே இருக்க வேண்டும். முந்தைய விடையைத் திரும்பக் கொடுக்கும் ‘ஆன்ஸ்’ பொத்தானையும் நினைவகத்தையும் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும்.

விழுக்காட்டுக் கணக்கில் பின்னோக்கிப் போகும்போது பலர் வழுக்குகிறார்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரியோடு ஒரு பையின் விலை 54.50 வெள்ளி. வரிக்கு முன் எவ்வளவு? 54.50இல் 9 விழுக்காட்டைக் கழித்து 49.60 என்று எழுதுகிறார்கள். வரி போட்டது பழைய விலையின் மேல். ஆகவே 54.50ஐ 1.09ஆல் வகுக்க வேண்டும், சரியாக 50 வெள்ளி. உணவகத்துக்குப் போனால் ரசீதை எடுத்துப் பிள்ளையிடம் கொடுங்கள். 100 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன் மேல் வரியும் சேர்ந்தால் 119 ஆகாது, 119.90 ஆகும். ஏன் என்று அதுவே சொல்லட்டும்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் வர்க்கம் = 5 எக்ஸ் என்ற சமன்பாட்டில் இரு பக்கத்தையும் எக்ஸால் வகுத்தால் 0 என்ற விடை காணாமல் போகும். 1:50 000 வரைபடத்தில் 1 செண்டிமீட்டர் அரைக் கிலோமீட்டர்தான், ஆனால் 1 சதுர செண்டிமீட்டர் கால் சதுரக் கிலோமீட்டர். கால்குலேட்டர் கோணத்தை டிகிரியில் எடுக்காமல் ரேடியனில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க சைன் 30 அழுத்துங்கள், 0.5 வர வேண்டும். ஏ-மேத்ஸும் (கூடுதல் கணிதம்) எடுக்கும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும்.

ஓ நிலைத் தேர்வின் இ-மேத்ஸில் (அடிப்படைக் கணிதம்) இரண்டு தாள்கள், ஒவ்வொன்றும் 2 மணி 15 நிமிடம், 90 மதிப்பெண். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 3 மதிப்பெண் கணக்கில் பத்து நிமிடம் போராடுவது பின்னால் வரும் கணக்குகளிடமிருந்து திருடுவது. இரண்டாம் தாளின் கடைசிக் கேள்வி அன்றாட வாழ்க்கைச் சூழலை வைத்து நீளமாக வரும். அட்டவணையைப் படித்து, எந்தத் தகவல் வேண்டும் என்று பொறுக்க வேண்டும். பயிற்சியில் பலர் தவிர்ப்பதும் இதைத்தான். களைத்திருக்கும் கடைசி நேரத்தில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி என்பதால், வீட்டிலும் முழுத் தாளை எழுதியபின் கடைசியாகவே போட்டுப் பழகுங்கள். செய்முறையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் போகும் என்று தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், அதையும் நம்புங்கள். 2027 முதல் ஓ நிலை, என் நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. பாடத்தை ஜி2 நிலையில் எடுத்தாலும் அதைவிடக் கடினமான ஜி3 நிலையில் எடுத்தாலும் மேலே சொன்ன சறுக்கல்கள் அப்படியேதான் இருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று. துணைப்பாட வகுப்புத் தேவைப்பட்டால் அனுப்புங்கள், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவிலும் விசாரியுங்கள். ஆனால் வாரத்தில் மூன்று வகுப்பு வைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து போட நேரமே கொடுக்காவிட்டால் பயனில்லை. உங்களுக்கு ஆல்ஜீப்ரா மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. “இந்த வரியிலிருந்து அந்த வரி எப்படிம்மா வந்தது?” என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை எங்கே தடுமாறி நிறுத்துகிறதோ, அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொடுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டியது அதுதான்.

தீபாவளி பெரும்பாலும் எழுத்துத் தேர்வுகள் நடக்கும் அக்டோபர், நவம்பரில்தான் வரும். அன்று காலை பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிக்க விடுங்கள், பலகாரம் சாப்பிடட்டும், உறவினர் வீட்டுக்கு வரட்டும். மாலையில் ஒரு மணி நேரம் போதும்: புதிய தாள் வேண்டாம், முன்பு தவறிய கணக்குகளில் ஐந்தை எடுத்து எதையும் பார்க்காமல் போடட்டும்.