ரிவால்வருக்குப் பயிற்சித் தோட்டா: மலிவு தேடும்போது நீலகிரிக்காரர்கள் செய்யும் தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தனி பங்களாவில் குடியிருந்துகொண்டு, தற்காப்புக்கென்று .32 ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன். லைசென்ஸுக்காக அலைந்த அலைச்சலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அதற்குப் பிறகு எத்தனை தோட்டா சுட்டுப் பழகினீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தோட்டா விலை அப்படி. ஆனால் பழகாத கையில் இருக்கும் ரிவால்வர், அதை வைத்திருப்பவருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும்தான் முதல் ஆபத்து. அதனால் செலவைக் குறைக்க வழி தேடுவது நியாயமான காரியம். எங்கே தேடுகிறோம் என்பதில்தான் கோளாறு வருகிறது.

கடையில் போய் ".32 கொடுங்கள்" என்று மட்டும் கேட்பது முதல் தவறு. அரசு ஆலையில் செய்யும் .32 ரிவால்வருக்கு உரியது நீளமான தோட்டா. அதன் பித்தளை ஓடு ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் நீளம், அடியில் நன்றாகத் துருத்திய விளிம்பு இருக்கும். அதே அரசு ஆலைகளிலிருந்து வரும் அஷானி பிஸ்டலும் .32தான், ஆனால் அதன் தோட்டாவின் ஓடு சுமார் 17 மில்லிமீட்டர், விளிம்பு லேசாகத்தான் துருத்தியிருக்கும். வெளிநாட்டுப் பெயரில் சொன்னால் முன்னது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், பின்னது .32 ஏ.சி.பி. சிக்கல் என்னவென்றால், பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் சிலிண்டர்களில் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் சரி என்று நினைத்துவிடாதீர்கள். அது கூடுதல் அழுத்தத்துக்குச் செய்யப்பட்ட தோட்டா. நண்பர் ஒருவர் பிஸ்டலை விற்றுவிட்டு மீந்த தோட்டாவைத் தருகிறேன் என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் லைசென்ஸிலும் ரிவால்வரிலும் எழுதியிருப்பதும், தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.

நண்பர் தருவது சரியான தோட்டாவாகவே இருந்தாலும் கைமாற்றாக வாங்க முடியாது. இதை நம் ஊரில் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, லைசென்ஸ் உள்ள இருவருக்குள்ளேயே என்றாலும், கொடுப்பவர் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கொடுக்கலாம். பத்துத் தோட்டாவுக்கு இந்தப் பாடு எதற்கு என்று தோன்றும். அப்படித் தோன்றினால் கடையில் வாங்குவதே மேல். ரசீது இருக்கும், லைசென்ஸில் பதிவு இருக்கும், நாளை யாரும் கேள்வி கேட்க முடியாது.

இன்னொன்று, பெரியவர்கள் விட்டுப்போன தோட்டா. பழைய பங்களாக்களில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் துணியில் சுற்றிய நாலைந்து கட்டு கிடைக்கும். அப்பாவுடையதுதானே, சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமானதும் அவற்றைப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். 21ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மலையில் வருடத்தில் பாதி நாள் பனிமூட்டம், மழை, ஈரம். அத்தனை வருடம் ஈரக்காற்றில் கிடந்த தோட்டாவை நம்பக் கூடாது. விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழாயை இலக்கின் பக்கமே பிடித்து அரை நிமிடமாவது காத்திருங்கள், பிறகு சிலிண்டரைத் திறங்கள். அதைவிட மோசமானது, வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொஸ்' என்று மட்டும் கேட்பது. குண்டு குழாய்க்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழாயே வெடித்துவிடலாம். அங்கேயே நிறுத்திவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

புதிய தோட்டாவையும் இந்த ஈரம் விடாது. தோல் பெல்ட்டில் செருகி மாட்டிவைப்பது பார்க்க அழகுதான். ஆனால் பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து பித்தளை ஓட்டில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். என்னிடம் இருந்த ஒரு கட்டு அப்படித்தான் வீணானது. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று எண்ணெய் தடவுவதும் கூடாது. எண்ணெய் கசிந்து அடியில் இருக்கும் பொட்டு மருந்தைக் கெடுத்துவிடும். காற்றுப் புகாத டப்பா, அதில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம், பூட்டும் அலமாரி. அவ்வளவு போதும்.

அருவங்காட்டில் கார்டைட் ஃபாக்டரி இருக்கிறதே, அங்கே மலிவாகக் கிடைக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. அது உந்துமருந்து செய்யும் அரசு ஆலை, சில்லறைத் தோட்டாக்கடை இல்லை. அதே மாதிரி, காலி ஓட்டில் மருந்தும் ஈயமும் நிரப்பி மறுபடி சுடலாம் என்று அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். அவர்கள் ஊரில் அது வழக்கம். இங்கே தனி லைசென்ஸ் இல்லாமல் செய்தால் தோட்டா தயாரித்த குற்றம். தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் கருவியும்கூட சட்டத்தின் கண்ணில் தோட்டாதான்.

கூடலூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மைசூரும் சுல்தான் பத்தேரியும் உங்களுக்குக் கோவையைவிடக் கிட்டம். ஆனால் உங்கள் லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் என்றால், எல்லை தாண்டிப் போய் வாங்குவது தவறு. மைசூர் போகும் வழி முதுமலையும் பந்திப்பூரும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அனுமதி இல்லாமல் ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. தோட்டாவில் மிச்சம் பிடிக்கப் போய் வனத்துறைச் செக்போஸ்டில் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் வனத்துறையிடம் பெயரைப் பதிய வேண்டும் என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. முதுமலையைச் சுற்றியிருப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருடத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று கணக்குப் போடாதீர்கள். எஸ்டேட் ஓரத்துச் சோலையில் மரத்தைக் குறிவைத்துப் பழகுவது இன்னும் மோசம். தேயிலை பறிக்கிறவர்கள் எந்தச் சரிவில் நிற்கிறார்கள் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி சுடும் ரேஞ்ச் எதுவோ, அங்கேதான் சுட வேண்டும்.

அப்படியானால் செலவை எப்படித்தான் குறைப்பது? நிஜத் தோட்டா இல்லாமலே பெரும்பகுதி பழகிவிடலாம், அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரிவால்வரில் பெரும்பங்கு வேலை விசையை ஆடாமல் அழுத்துவதுதான். தோட்டா எல்லாவற்றையும் வேறு அறையில் பூட்டிவிட்டு, சிலிண்டரைத் திறந்து காலி என்று இரண்டு முறை பார்த்து, மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு, தடித்த கல்சுவரைப் பார்த்தபடி தினமும் பத்து நிமிடம் விசையை அழுத்துங்கள். .32, ஊசி தோட்டாவின் அடியில் நடுவில் அடிக்கும் வகை என்பதால் போலித் தோட்டாவோடு இப்படிப் பழகினால் ஊசிக்குக் கேடு வராது. .22இல் மட்டும் துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருக்கும்போது இப்படிச் செய்யாதீர்கள். அது விளிம்பில் அடிக்கும், ஊசியும் அறையின் விளிம்பும் கெடும். 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலும் நல்ல துணை. ஒரு டப்பா ரவை பல வாரம் வரும்.

ரேஞ்சுக்கு இறங்கும் நாளில் இருபது தோட்டா போதும். கூட வந்தவரிடம் ரிவால்வரைக் கொடுத்து, ஆறு அறையில் மூன்று நிஜம், மூன்று போலி என்று உங்களுக்குத் தெரியாமல் கலந்து போடச் சொல்லுங்கள். சுடும்போது போலி வந்த இடத்தில் குழாய் முனை வெடுக்கென்று கீழே இறங்கினால், சத்தத்துக்குப் பயந்து முன்கூட்டியே கை தள்ளுகிறது என்று அர்த்தம். கோவையில் ஒரு ரேஞ்சில் முதல்முறை இதைச் செய்தபோது என் ரிவால்வர் மூன்று போலியிலும் தலையாட்டியது. அன்றைக்கு மிச்சமிருந்த பதினேழு நிஜத் தோட்டாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினேன். ஒரு மாதம் சுவரைப் பார்த்துப் பழகிவிட்டுத்தான் மறுபடி மலையிறங்கினேன்.